நெருப்புக்கு ஒரு பங்கு

வெண்கரையில் மூச்சு விட உரிமை பெற்ற இருநூறு சொச்சம் பேரில் ஒருவர் நெருப்பு.

பூமியில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காற்று சும்மா கிடைக்கிறவர்களுக்கு இது புரியாது. நிலாவின் தென்முனையில், எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடி ஓய்ந்த சுரங்கம் ஒன்றுக்குள் இருந்தது எங்கள் ஊர். பாசித் தொட்டிகள் ஒரு நாளில் எவ்வளவு பிராணவாயு தருகின்றனவோ அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு இல்லாதவர் அடுத்த கப்பலில் பூமிக்கு இறங்கிவிட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் காற்று அதிகாரி நான். பெயர் பொற்கொடி, சொந்த ஊர் தூத்துக்குடி. என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மூக்கைப் பிடிக்கிறவள்' என்று சொல்லுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நெருப்புக்குப் பங்கு வந்தது ஊர் கட்டிய காலத்தில். முதல் பாசித் தொட்டிகளை அமைத்துக் கொடுத்தது ஒரு பார்சி அறக்கட்டளை. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு நெருப்புக் கோயில் வேண்டும், அதில் நெருப்பு அணையாமல் எரிய வேண்டும். சின்ன நெருப்புதான். தோட்டத்தில் கழித்துப்போட்ட எலுமிச்சை, கொய்யாக் குச்சிகளை உலர்த்தி, வேளைக்குக் கொஞ்சமாக வைப்பார்கள். ஆனால் ஒரு நாளில் அது இழுக்கும் காற்று, ஓர் ஆள் இழுக்கும் காற்றுக்குச் சரியாக இருந்தது. சட்டத்தில் அதற்குத் தோதாக வேறு சொல் இல்லாததால் குடியிருப்பவர் என்றே பதிந்துவிட்டார்கள். அதன் காப்பாளர் தஸ்தூர் பர்ஜோர்.

தஸ்தூர் என்றால் அவர்களுடைய பூசாரி. இவர் ராயபுரத்துப் பார்சி. பல தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பம். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாரசீக மந்திரத்தை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் "இன்னாம்மா, துன்னியா?" என்று கேட்பார். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க நெருப்பைக் கும்பிடுறவங்கதானே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"நெருப்பு முன்னாடி நின்னு கும்புடுறோம்மா. நெருப்பையே கும்புடுறது வேற. ஜரதுஷ்டிரர் எங்களுக்குக் குடுத்தது ஒரு சாமி, ரெண்டு வழி. நெசம் ஒரு வழி, பொய் ஒரு வழி. எதுல போறதுன்னு நீயேதான் எடுத்துக்கணும். உனக்காக நான் எடுக்க முடியாது, உன் புருஷன் எடுக்க முடியாது. நெருப்பு எதுக்குன்னா, அது முன்னாடி நின்னா மறைக்கத் தோணாது. அவ்ளோதான்."

"பொய்யே சொன்னதில்லையா நீங்க?"

"சின்ன வயசுல சொல்லிப் பாத்தேன். மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். அப்புறம் வுட்டுட்டேன்."

கோயிலின் உள்ளறைக்குள் நான் போனதில்லை. அவர்கள் மதத்தைச் சேராதவர்கள் போகக் கூடாது என்பது வழக்கம். ஊரில் பார்சிகள் அவரைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. ஆக, அந்த நெருப்பைக் கண்ணால் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அறைக்குள் இருந்த காற்று மீட்டரும், ஐந்து வேளையும் கட்டை வைக்கும்போது அவர் அடிக்கும் மணியும்.

போன வருஷம் இரண்டு தொட்டிகளில் பாசி செத்தது. ஏன் செத்தது என்று இன்று வரைக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பங்குகளைக் குறைக்க வேண்டி வந்தது. வேலைக்குப் போக முடியாதவர்கள் முதலில் இறங்க வேண்டும் என்பது விதி. அந்த விதியில் மாட்டியவர் சவரிமுத்து.

சவரிமுத்துவும் ராயபுரம்தான். பனிக்கட்டி வெட்டும் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். இதயம் பழுதாகி உட்கார்ந்துவிட்டார். கப்பல் பூமிக்குள் இறங்கும்போது நெஞ்சை அழுத்தும் பாரத்தை அவரால் தாங்க முடியாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பூமியில் இருக்கும் தலைமையகம் அந்தச் சீட்டைப் படித்ததா என்றுகூடத் தெரியவில்லை, இறங்கச் சொல்லிவிட்டது. கப்பல் புறப்படும் நாளன்று சவரிமுத்துவைக் காணவில்லை. விண்ணுடை ஒன்று குறைந்தது. வெளிக்கதவு ஒருமுறை திறந்து மூடியிருந்தது. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெயிலே படாத பள்ளங்கள் அங்கே ஏராளம். அவருடைய மகள் ஜெசிந்தா, பாசித் தொட்டியில் வேலை செய்கிறவள், அப்பாவின் படத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டி வைத்தாள். அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். தலைமையகத்திலிருந்து புதுத் துளையிடும் பொறியாளர் ஒருவர் வரப்போகிறார், அவருக்கு ஒரு பங்கு தேடித் தா என்று உத்தரவு வந்தது. எங்கே வீணாகிறது என்று பார்க்க எல்லா மீட்டர்களையும் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கோயில் மீட்டரும் சரிதான். ஒரு ஆள் பங்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அதன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நான் டீயைக் கீழே வைத்தேன்.

முன்பெல்லாம் அந்தக் கோட்டில் ஐந்து மேடுகள் இருக்கும். கட்டை வைக்கும்போதெல்லாம் நெருப்பு காற்றைக் கூடுதலாக இழுக்கும். இப்போது மேடுகளைக் காணோம். விளக்கணைக்கும் நேரத்தில் கோடு மெல்ல இறங்கி, காலையில் ஏறியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கொஞ்சம் இறங்கியது.

நெருப்பு மத்தியானம் தூங்குமா?

நேரே கோயிலுக்குப் போனேன். தஸ்தூர்ஜி வெளிக்கூடத்தில் உட்கார்ந்து குச்சிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. வரைபடத்தை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"பொற்கொடிம்மா, நீ என்னை ஒரு கேள்வி கேக்கப் போற."

"ஆமா."

"கேட்டா சொல்லிடுவேன். அதனால கேக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்க. கேட்டப்புறம் உனக்கும் தெரிஞ்சிடும். தெரிஞ்சப்புறம் நீதான் எதாவது செய்யணும்."

எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "இது காற்று தஸ்தூர்ஜி. விளையாட்டில்ல. விதியை வளைச்சா மூச்சுமுட்டிச் சாகறது மத்தவங்க."

"ஒரு பங்குக்கு மேல ஒரு மூச்சு எடுத்திருந்தா என்னைப் புடிச்சு வெளிய தள்ளு."

அது உண்மை. மீட்டரும் அதைத்தான் சொன்னது.

"அஞ்சு வேளையும் மணி அடிக்குதே. அது என்ன கணக்குல சேரும்?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அத்த நெனச்சுதாம்மா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. மணி நான் வேளைக்கு அடிக்கிறேன், ஊரை ஏமாத்த அடிக்கல. ஆனா ஊரு ஏமாந்துதானே போச்சு. யாராவது வந்து நேரா கேட்டுட்டா நல்லாருக்குமேன்னும் இருக்குது. கேட்டுடப் போறாங்களேன்னும் இருக்குது."

நான் அந்த மூடிய கதவைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் இருக்க முடியும்? வாய் வரைக்கும் வந்தது கேள்வி. கேட்காமல் திரும்பி வந்தேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நான் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்க மாட்டார்களா? ஊர் மன்றத்தில் ஐந்து பேர். தலைவர் கோதண்டம், டாக்டரம்மா, சமையற்கூடத்துப் பொறுப்பாளர், பள்ளி ஆசிரியர், நான். பொறியாளருக்குப் பங்கு தேடும் பேச்சு வந்தபோது, "கோயில் பக்கம் போனா இப்பல்லாம் புகை வாசனையே வரதில்லையே" என்று ஆசிரியர் கிளப்பிவிட்டார். பாவம், கெட்ட மனசில்லை, வாய் சும்மா இருக்காது. நெருப்பு அணைந்திருந்தால் அதன் பங்கு தலைமையகத்துக்குப் போய்விடும். அதுதான் ஒப்பந்தம். மன்றத்தார் நேரில் பார்த்து, ஒவ்வொருவரும் தான் கண்டதைப் பதிவில் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஐந்து பேரும் கோயில் வெளிக்கூடத்தில் கூடினோம். கோதண்டம் கோயம்புத்தூர்க்காரர். கசப்பான விஷயத்தையும் தணிவாகத்தான் கேட்பார். பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் முடுக்காமல், கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. நெருப்பு எரியுதுங்களா?"

"இல்லீங்க," என்றார் தஸ்தூர்ஜி.

அப்படிச் சொன்னபோது அவர் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். மாதக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைத்த மனுஷனாக இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

சாம்பலை வெளியே கொட்டுவதற்காகக் கோயிலின் பின்புறம் ஒரு சின்னக் காற்றடைப்புக் கதவு உண்டு. கப்பல் நாளன்று யாரோ அந்தப் பக்கச் சுவரை வெளியிலிருந்து தட்டினார்கள்.

"நிலாவுல வெளிய நின்னு யாருங்க தட்டுவாங்க? பயந்தே பூட்டேன். தெறந்தா சவரி. 'சொல்லாம போக மனசு வரல பர்ஜோரு, அதான் வந்தேன், நான் கெளம்பறேன்'ங்கிறான். எங்க கெளம்பறான்? அந்தப் பள்ளத்துக்கு. கைய புடிச்சு உள்ள இழுத்துட்டேன். இழுத்தப்புறம்தான் யோசன வருது. பங்கு ஒண்ணு, இழுக்கறது ரெண்டு."

"அதனால அணைச்சிட்டீங்க," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"அணைக்கறதுக்குக் கை வரலம்மா. அடுத்த வேளைக்குக் கட்டை வைக்கல. அதுக்கடுத்த வேளைக்கும் வைக்கல. பட்டினி போட்டேன். ராத்திரி பூரா கண்ண மூடாம கெடந்துச்சு, கங்கு. நானும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். எங்க வழில இத விடப் பெரிய பாவம் ரொம்பக் கெடையாது."

அவரே எழுந்தார். "உள்ள இப்ப நெருப்பு இல்ல. அதனால யாரும் போலாம், தடையில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கும்பலா போவாதீங்க. ஒருத்தரா போங்க, பாருங்க, வந்து சொல்லுங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து முடிவு பண்ணாதீங்க."

கோதண்டம் பதிவை முடுக்கிவிட்டு முதலில் போனார். சீக்கிரமே வந்துவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது. கருவியை வாயருகே வைத்து, தெளிவாகச் சொன்னார். "பார்த்தேன். நெருப்பு எரிகிறது."

எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து டாக்டரம்மா போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எரிகிறது," என்றார். சமையற்கூடத்துக்காரர் வந்து, "நல்லா எரியுதுங்க," என்றார். இந்த வினையைக் கிளப்பிவிட்ட ஆசிரியர் வெகுநேரம் உள்ளே இருந்தார். வந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக, "நெருப்பு எரிகிறது, நானே கண்ணால் கண்டேன்," என்றார்.

நான்கு நல்ல மனிதர்கள். நான்கு பேர் மேலும் எனக்கு அந்த நிமிஷம் பிரியம் பொங்கியது. ஆனால் தஸ்தூர்ஜியைப் பார்த்தேன். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போயிற்று. தன் கோயிலிலேயே வைத்து, தன் நிமித்தமாக, நாலு பேர் பொய் சொன்னார்கள். தடுக்கவும் அவருக்கு வாய் இல்லை. தடுத்தால் சவரி போவார்.

கடைசி ஆளாக நான் போனேன்.

உள்ளே ஒரு கல் மேடை, அதன்மேல் பெரிய வெள்ளி உருளி, உருளியில் வெள்ளைச் சாம்பல். ஓரத்தில் ஒரு பாய். பாயில் சவரிமுத்து, தாடியும் மீசையுமாக, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை மடக்கினார்.

"வா மேடம். நீ ஒருத்திதான் பாக்கி."

"எப்படி இருக்கீங்க?"

"எப்டி இருக்கேன்னா, சாமி மாரி இருக்கேன். அந்தாளு அஞ்சு வேளையும் வந்து என் முன்னாடி நிக்கறாரு. எச்சி மூச்சு படக் கூடாதுன்னு வாயில வெள்ளத் துணி கட்டிகினு, மந்திரம் சொல்லி, மணி அடிச்சு, அப்பறம் அவரு சோத்துல பாதி எனக்கு. நான் சர்ச்சுக்குப் போறவன் மேடம். எனக்கு எவ்ளோ கூச்சமா இருக்கும்? 'யோவ், நான் சவரிய்யா'ன்னா, 'தெரியுது, கம்முனு ஒக்காரு'ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வெளிய போனவங்க இன்னா சொன்னாங்கோ?"

"நெருப்பு எரியுதுன்னு சொன்னாங்க."

"நல்ல ஜனங்க." மடக்கின காலை மறுபடி நீட்டிக்கொண்டார். "அப்ப நான் இங்கயேதான். ஜெசி எப்டி இருக்கா மேடம்? துன்றாளா ஒழுங்கா? ராத்திரில சுவத்துல காத வெச்சா அந்தப் பக்கம் ஷிப்டு முடிஞ்சு போறவங்க பேச்சு கேக்கும். ஒரு நாளு அவ கொரல் கேட்டுது. நான் வாயப் பொத்திக்கினேன்."

அதுவரை நானும் அதையே சொல்லப் போவதாகத்தான் இருந்தேன். இரண்டே வார்த்தை. எனக்கென்ன, நான் பார்சியா? பொய் சொன்னால் என் நாக்கு அழுகிவிடாது. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டேன் என்று அவர் சொன்ன பிறகு எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பொய் அவருக்கு மூச்சைத் தரும். அதைத் தவிர ஒன்றும் தராது. செத்தவராகவே அந்த அறையில் இருப்பார். மகள் அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பாள், சுவருக்கு இந்தப் பக்கம் அப்பன் வாயைப் பொத்திக்கொண்டே இருப்பான். நாங்கள் ஐந்து பேரும் நல்லது செய்துவிட்ட திருப்தியில் தூங்குவோம்.

வெளியே வந்தேன். கருவியைக் கையில் வாங்கினேன்.

"உள்ளே நெருப்பு இல்லை. சவரிமுத்து இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். நெருப்பின் பங்கை அவருக்கு மாற்றித் தர வேண்டும் என்பது என் முடிவு."

கோதண்டம் தலையில் கைவைத்தார். "ஏனுங்க, நாலு பேரும் பூசி மொழுகி வெச்சதை இப்படிப் போட்டு ஒடச்சுப்போட்டீங்களே. தலைமையகத்துக்கு என்னங்க பதில் சொல்றது? அணைஞ்சா பங்கு அவங்களுக்கு. பொறியாளர் அடுத்த கப்பல்ல வந்து நிப்பாரு. சவரிய எறக்குன்னுதானே சொல்வாங்க."

"சொல்வாங்க."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு எங்கிருந்து காற்று வரும் என்பதை எண்ணவில்லை. காற்று அதிகாரிக்கு இது அழகா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் இல்லாவிட்டாலும் மீட்டர்கள் தாமாகவே எழுதிக்கொள்ளும். வரைபடத்தை வாசிக்க டாக்டரம்மாவுக்கும் தெரியும். கப்பல் இறங்கும் பாரத்தைத் தாங்க என் இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று போன மாதம்தான் அவரே சொன்னார். வேறு வழி தெரியவில்லை.

"என் பங்கைப் பொறியாளருக்குக் கொடுங்க. நான் இறங்கறேன்."

நான் தியாகி இல்லை. சொல்லி முடித்த கணமே ஏன் சொன்னோம் என்றிருந்தது. அந்த ஊரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் கோதண்டம் அதற்குள் கருவியை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "நான் முந்தி சொன்னது பொய்ங்க. நெருப்பு இல்ல. சவரி இருக்கட்டும்," என்றார். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆசிரியர் இந்த முறை மெதுவாகப் பேசினார்.

ஜெசிந்தாவைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவள் வந்து நின்றதையும், அப்பனை அடிஅடியென்று அடித்ததையும் நான் எழுத மாட்டேன். அது அவர்கள் விஷயம். தஸ்தூர்ஜி என்னிடம் வந்தார். நன்றி என்று சொல்லவில்லை. "நீ என்னை அன்னிக்குக் கேட்டிருந்தா இவ்ளோ சேதம் ஆயிருக்காது," என்றார். பிறகு உள்ளே போய், சாம்பலை ஒரு துணியில் அள்ளிக் கட்டினார். அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். உடம்பு கனக்கிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் என்னை வைகிறது. கடற்கரையில் உட்கார்ந்தால் காற்று பாட்டுக்கு வந்து போகிறது, யாரும் அளப்பதில்லை. நாய், கோழி, லாரி எல்லாம் இஷ்டத்துக்கு மூச்சு விடுகின்றன. எனக்கு அது இன்னும் பழகவில்லை. நிலா தெரிகிற நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

போன வாரம் அங்கிருந்து அழைப்பு வந்தது. தஸ்தூர்ஜிதான். செத்த தொட்டி ஒன்றில் பாசி மறுபடி பிடித்துவிட்டதாம். ஒரு பங்கு புதிதாகத் தேறியிருக்கிறதாம். பழைய ஒப்பந்தப்படி நெருப்பை மறுபடி ஏற்றுவதானால் முதல் பங்கு அதற்குத்தான் என்று மன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்போ ஏத்தப் போறீங்க?"

"எல்லாம் தயாராத்தான் இருக்குது. நாலு தொழில்காரங்க கைலேருந்து நெருப்பு எடுக்கணும், அது வழக்கம். வெல்டிங் பட்டறைல கேட்டுட்டேன், சமையல்காரர்கிட்ட கேட்டுட்டேன். சவரி வேற நாந்தான் மொதக் கட்டை வைப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி உன்னை ஒண்ணு கேக்கணும்மா. பங்கை யாருக்குன்னு சொல்ற உரிமை காப்பாளன் எனக்குத்தான். நேரா கேக்கறேன், நேரா சொல்லு. உனக்குத் திரும்பி வர ஆசை இருக்குதா?"

என்ன மனுஷன் இவர். வாயில் துணி கட்டி ஒரு வெற்று உருளிக்கு முன்னால் இன்னும் எத்தனை நாள் நிற்பார்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஆயுசில் அந்த நெருப்பு மறுபடி எரியாது. அவர் அப்படித்தான் முடிவெடுப்பார், எனக்குத் தெரியும்.

"ஆசையா? எனக்கா? இங்க நல்ல மீன் கிடைக்குது, நல்ல காத்து வருது. அந்தப் பொந்துக்குள்ள யாரு வருவா? எனக்கு ஒரு ஆசையும் இல்ல தஸ்தூர்ஜி. நெருப்பை ஏத்துங்க."

குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். நிலாவுக்குப் போய்ப் பதில் வர மூன்று வினாடிகூட ஆகாது. அதைவிட ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"சரிம்மா," என்றார் கடைசியில். "நான் உன்னைக் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்க."

நேற்று பயணச்சீட்டு வந்தது. என் பெயரில்.

ஓவென்று அழுதேன். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது, அந்தக் கிழவரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன். இங்கிருந்து கேட்டால் உறைக்காது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.